ஊசியப்பன் அடைத்து வைத்த தோட்டம்

ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி ஒரு தோட்டத்துக்குத் தோட்டக்காரனாக இருந்தான். யாரும் அவனை வேலைக்கு வைக்கவில்லை. அவனே தன்னை வைத்துக்கொண்டான்.

அது நீலமலைச் சரிவில் இருந்த ஒரு பழைய துரை பங்களாவின் தோட்டம். மேலே சோலைக்காடு, கீழே ஒரு குளம், இரண்டுக்கும் நடுவில் பங்களா. முன்பு அங்கே குடியிருந்த துரைசானி, இங்கிலாந்தில் தான் பிறந்த கிராமத்துத் தோட்டத்தை நினைத்து நினைத்து இதை வைத்தாளாம். வளைந்து போகும் கல் பாதை, பாதையோரம் அடுக்கடுக்காய்ப் பூச்செடிகள், கொடிரோஜா படர ஒரு வளைவு, சுற்றிலும் ஆளுயர மதில். துரைசானி கப்பலேறிப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வளைவு சாய்ந்து கிடந்தது. கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை.

ஊசியப்பன் முதலில் அங்கே வந்தது தோட்ட வேலைக்கு அல்ல. லில்லிக் கிழங்கு தின்ன வந்தான். ஒரு குளிர்காலம் முழுவதும் தோண்டித் தோண்டித் தின்றான். அவன் மூக்குக்குத் தப்பி ஒரே ஒரு கிழங்கு மண்ணுக்குள் இருந்துவிட்டது. வைகாசியில் அது வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. வாயில் எதையோ மென்றுகொண்டு அந்தப் பக்கமாய் வந்த ஊசியப்பன், மெல்லுவதை நிறுத்திவிட்டு நின்றான்.

"அடப்பாவி, இத்தனை நாளாய் நான் தின்றது இதையா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

அன்றைக்குத் தோட்டக்காரன் ஆனவன்தான். இந்தக் கதையைக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும் எல்லோரிடமும் அவனே சொல்லிச் சிரிப்பான். இந்தத் தோட்டத்துக்கு வந்த பூச்சிகளிலேயே பெரிய பூச்சி தான்தான் என்பான். சிரிக்கும்போது முதுகு முள்ளெல்லாம் கலகலவென்று ஆடும்.

உழைப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. முள்ளம்பன்றி பகலில் தூங்குகிற பிராணி. செடிக்கோ பகலில்தான் வேலை. ஆகவே பாதித் தூக்கத்தில் வேலை செய்வான். நாற்று நட்டுக்கொண்டே தூங்கி விழுவான். விழுந்த இடத்தில் நேற்று நட்ட நாற்று நசுங்கும். உதிர்ந்த முள்ளால் மண்ணில் குழி குத்தி விதை போடுவான். விதை போட்ட இடத்துக்கு அடையாளமாக அதே முள்ளை நட்டு வைப்பான். மறுநாள், யாரோ தன் முள்ளைப் பிடுங்கி நட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு அதை எடுத்துப் போடுவான். எது எங்கே முளைக்கும் என்று அவனுக்கும் தெரியாது, விதைக்கும் தெரியாது.

இதையெல்லாம் அவன் ஒளிக்கவே மாட்டான். தன்னைப் பற்றி எதைச் சொல்லியும் சிரிக்க அவனுக்குத் தெரியும். ஆனால் தோட்டத்தை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டான்.

கதவில்லாத வாசலை உண்ணிச் செடியின் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து வைத்திருந்தான். காட்டுமுயல் ஒரு நாள் ஆசையாகப் பார்க்க வந்தது. டேலியாப் பூவெல்லாம் இப்போதுதான் முடிந்தது, போன வாரம் வந்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினான். கேளையாடு என்ற சின்ன மான் குட்டிகளோடு வந்தது. ரோஜா இன்னும் மொட்டுதான், இரண்டு வாரம் போகட்டும் என்றான். இரண்டு வாரம் கழித்து வந்தபோது, மழையடித்து இதழ் கறுத்துவிட்டது என்றான். எந்த நாளில் யார் வந்தாலும் அந்தத் தோட்டத்துக்கு நல்ல நாள் நேற்றாகவோ நாளையாகவோ இருந்தது. நாளடைவில் எல்லோரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். உள்ளே தோட்டமே கிடையாது, சும்மா சொல்கிறான் என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

கேட்பதை விடாதவள் ஒருத்திதான். அவள் மஞ்சாயி என்ற வாலாட்டிக் குருவி.

மஞ்சாயிக்குச் சொந்த ஊர் வடக்கே, இமயமலைப் பக்கம். அங்கே குளிர் ஏறினால் இங்கே வருவாள். பங்குனி முடியுமுன் திரும்பிப் போய்விடுவாள். குளத்தங்கரைக் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு நின்று, பூச்சி பிடித்துத் தின்பாள். ஊசியப்பன் சாயங்காலம் தண்ணீர் குடிக்க வரும்போது இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள். தோட்டத்தில் தான் அன்றைக்குச் செய்த கோணல் வேலைகளை அவன் சொல்லச் சொல்ல, அவள் வாலாட்டுவதை மறந்து சிரிப்பாள். ஒவ்வொரு வருஷமும், உள்ளே வந்து பார்க்கட்டுமா என்று கேட்பாள். பூக்காலம் வரட்டும் என்பான். பூக்காலம் வரும்போது அவள் வடக்கே இருப்பாள்.

குருவிக்கு மதில் ஒரு தடையா என்று நீங்கள் கேட்கலாம். தடையில்லைதான். ஆனால் முதல் வருஷமே அவன் அவளிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தான். தானே கூப்பிடும்வரை மதிலுக்கு மேலே பறக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. அவள் அதை மீறவே இல்லை. குளத்திலிருந்து சோலைக்குப் போகக்கூடத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவாள்.

ஒரு வருஷம் புரட்டாசி போயிற்று, மஞ்சாயி வரவில்லை. ஐப்பசி பாதியில்தான் வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். கல்லில் உட்கார்ந்து வெகு நேரம் மூச்சு வாங்கினாள். வால் மெதுவாகத்தான் ஆடியது.

"அண்ணே, இந்தத் தடவை வந்து சேர்றதே பெரும்பாடாப் போச்சு. அடுத்த வருஷம் இந்தச் சிறகுக்கு இவ்வளவு தூரம் ஆகாது. நான் போறதுக்குள்ள உங்க தோட்டத்தைக் காட்டிருங்க" என்றாள்.

ஊசியப்பன் அவளுடைய இளைத்த சிறகைப் பார்த்தான். அந்த இடத்திலேயே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் தோட்டத்தில் அப்போது இருந்தது வாடிய டேலியாத் தண்டும் சேறும்தான். அதையா காட்டுவது?

"பங்குனிக்குள்ள காட்டுறேன் மஞ்சாயி. வெறும் தோட்டமா இல்ல, பூத்த தோட்டமாக் காட்டுறேன்" என்றான்.

சொல்லிவிட்டுத் தோட்டத்து மூலையில் இருந்த தன் வளைக்குத் திரும்பிய பிறகுதான் யோசித்தான். லில்லியும் ரோஜாவும் பூப்பது சித்திரையிலும் வைகாசியிலும். அதைப் பங்குனியில் பூக்கவைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். பருவத்தோடு மல்லுக்கு நிற்க ஒரு முள்ளம்பன்றி கிளம்பியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டான். ஆனாலும் கிளம்பினான்.

ஐப்பசியில் கிழங்கு நட்டான். சேர்த்து வைத்த கிழங்குகளைப் பாத்திக்குக் கொண்டுபோகும் வழியில் வாய் சும்மா இருக்கவில்லை. ஒன்று தின்றால் என்ன, இத்தனை இருக்கிறதே என்று ஒன்றைத் தின்றான். சிறிய கிழங்கு பூக்காது என்று இன்னொன்றைத் தின்றான். பெரிய கிழங்கு முற்றிப்போனது என்று அதையும் தின்றான். பாத்திக்குப் போனபோது பாத்தி பெரிதாகவும் கிழங்கு கொஞ்சமாகவும் இருந்தது. மிச்சத்தை நட்டான். முளைத்திருக்கிறதா என்று அடிக்கடி தோண்டிப் பார்த்தான். தோண்டிப் பார்த்ததாலேயே அவை முளைக்கத் தயங்கின.

கார்த்திகையில் மழை கொட்டியது. மேல்பாத்தியில் விதைத்த பேன்சிப் பூ நாற்றெல்லாம் மண்ணோடு சரிந்து, மதிலின் தண்ணீர் ஓட்டை வழியாகக் குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அவை தவளைகளின் நடுவில் நன்றாகவே வேர் பிடித்தன. மஞ்சாயி அவற்றைப் பார்த்து, இது உங்கள் தோட்டத்துச் செடியா என்று கேட்டாள். இல்லை, யாருடையதோ என்று சொல்லிவிட்டான்.

மார்கழியில் உறைபனி விழுந்தது. பெரணி இலைகளைப் பறித்து வந்து செடி செடியாகப் போர்த்தினான். விடியற்காலையில் பனி தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் படிந்திருந்தது. வெயில் ஏறியதும் ஒவ்வொரு புல்லும், சாய்ந்த வளைவில் படர்ந்த கொடியின் ஒவ்வொரு முள்ளும் மின்னின. ஊசியப்பன் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றான். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு வெளியிலிருந்து மஞ்சாயியின் குரல் வந்தது. வெளியே பனி இவ்வளவு அழகாக இருக்கிறதே, உள்ளே எப்படி இருக்குமோ, வரட்டுமா என்று கேட்டாள்.

பனி பூ ஆகுமா என்று நினைத்தான் ஊசியப்பன். தை பிறக்கட்டும் என்று பதில் சொன்னான். கொஞ்ச நேரத்தில் பனி உருகிப்போயிற்று.

தையும் பிறந்தது, மாசியும் வந்தது. வெயில் இளஞ்சூடாக அடித்தது. அவன் பாடுபட்டது வீண்போகவில்லை. லில்லிகள் தலை தூக்கின. கொடிரோஜாவில் துளிர் விட்டது. துளிர் விட்டதும் அசுவினிப் பூச்சி வந்து அப்பியது. இலைக்கு அடியில், மொட்டின் காம்பில், எங்கு பார்த்தாலும் பச்சைப் பச்சையாய்ப் பூச்சி. ஊசியப்பன் மூக்கால் தள்ளினான், நாக்கால் நக்கினான். ஒரு செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதுகு முள் பட்டு அடுத்த செடி கிழிந்தது. பூச்சி தின்றது பாதி, அவன் திரும்பித் திரும்பிக் கிழித்தது பாதி.

அதே நேரத்தில் மதிலுக்கு வெளியே மஞ்சாயி பசியோடு இருந்தாள். மாசி வெயிலில் குளம் வற்றி, கரையில் பூச்சி குறைந்துவிட்டது. நீண்ட பயணத்துக்கு முன் நன்றாகத் தின்று உடம்பைத் தேற்ற வேண்டிய நேரம் அது. பூச்சியைத் தின்றே வாழ்கிறவள் வெளியே பட்டினி கிடந்தாள். பூச்சியால் அழிகிறவன் உள்ளே புலம்பிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு மதில் இருந்தது. பூச்சி அரித்த தோட்டத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலையில் ஊசியப்பனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பங்குனியில் மற்ற வாலாட்டிகள் கூட்டமாகக் கிளம்பின. மஞ்சாயியையும் கூப்பிட்டன. தாமதித்தால் சமவெளியில் வெயில் ஏறிவிடும், வழியில் தண்ணீர் கிடைக்காது என்று எச்சரித்தன. அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஊசியப்பனிடம் போய் என்ன நிலவரம் என்று கேட்டாள். லில்லி மொட்டு விரியும் தறுவாயில் இருக்கிறது, நாளைக்கு விரிந்துவிடும் என்றான். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு மறுநாளும் அதையே சொன்னான். கடைசிக் கூட்டமும் போய்விட்டது. குளத்தங்கரையில் அவள் மட்டும் தனியாக நின்றாள்.

பங்குனி முடியப்போகும் ஒரு காலையில் படபடவென்று பெரும் சத்தம் கேட்டது. ஊசியப்பன் வளையிலிருந்து தலையை நீட்டினான். மதிலில் ஒரு பகுதியைக் காணவில்லை. அந்த இடத்தில் மொக்கையன் நின்றுகொண்டிருந்தான். மொக்கையன் என்பது அந்தச் சரிவிலேயே பெரிய காட்டெருமை. அவன் வாயில் லில்லி இருந்தது. அவன் நடந்து வந்த வழியில் பாத்தி என்று ஒன்றும் இருக்கவில்லை. கொடிரோஜா அவன் கொம்பில் தொங்கியது.

ஊசியப்பன் முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து வந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்ட? இது என் தோட்டம்!"

மொக்கையன் மெல்லுவதை நிறுத்தினான். சுற்றுமுற்றும் பார்த்தான். நிஜமாகவே வருத்தப்பட்டான்.

"தோட்டமா? எனக்கு எப்படிப்பா தெரியும்? உள்ள ஒண்ணுமே இல்லன்னுதானே எல்லாரும் சொன்னாங்க. யாராவது ஒருத்தர் பார்த்திருந்தா, அங்க செடி இருக்கு, சுத்திப் போன்னு சொல்லியிருப்பாங்களே. வெறும் புல்லுக்காடுன்னு நெனச்சு மதில்ல முதுகைச் சொறிஞ்சேன். அது விழுந்துருச்சு."

ஊசியப்பன் மிதிபட்ட பாத்தியைப் பார்த்தான். சிலிர்த்த முள் ஒவ்வொன்றாகப் படிந்தது. மொக்கையன், தின்றதைத் திருப்பித் தர வழியில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு, காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வெளியே போனான். அப்படிப் பார்த்து வைத்ததில் இன்னும் இரண்டு செடி போயிற்று.

மதில் விழுந்த சத்தம் குளம்வரை கேட்டிருந்தது. மஞ்சாயி பறந்து வந்தாள். இடிந்த மதிலில் மிச்சமிருந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். அவள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள் என்பதை ஊசியப்பன் கவனித்தான். தோட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு அடி எதுவும் படலையே? மதில் விழுந்துருச்சுன்னு பதறி வந்தேன். நான் உள்ள பார்க்கலை. இந்தப் பக்கமாத்தான் திரும்பி உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

ஊசியப்பன் அவள் முதுகைப் பார்த்தான். எலும்பு தெரிய இளைத்த சின்ன முதுகு. பிறகு தன் தோட்டத்தைப் பார்த்தான். எதை மறைத்து எதைக் காப்பாற்றினோம் என்று நினைத்தான். அவனுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை பாதியில் சிரிப்பாக மாறிவிட்டது. முள்ளெல்லாம் கலகலவென்று ஆட அவன் சிரித்தான்.

"திரும்பு மஞ்சாயி. உள்ள வா. நான் வச்ச தோட்டத்துக்கு நல்ல நாள் இன்னைக்குத்தான்" என்றான்.

அவள் திரும்பினாள். பார்த்தாள். தத்தித் தத்தி உள்ளே வந்தாள். ஊசியப்பன் முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். இது லில்லிப் பாத்தி; லில்லி இப்போது மொக்கையன் வயிற்றில் இருக்கிறது. இது கொடிரோஜா, இதைப் பார்க்க வேண்டுமானால் அவன் கொம்பைத் தேடிப் போக வேண்டும். இந்தப் பெரிய பள்ளம் அவன் குளம்பு. இந்தச் சின்னப் பள்ளங்கள் கிழங்கு முளைத்ததா என்று நான் தோண்டிப் பார்த்தவை. குளக்கரையில் தவளைகளோடு பேன்சி இருக்கிறதே, அதுவும் என்னுடையதுதான், வெட்கப்பட்டுத்தான் என்னுடையது இல்லை என்று சொன்னேன். மஞ்சாயி வாலாட்டக்கூட மறந்து சிரித்தாள்.

நடுவில் அவள் சட்டென்று நின்றாள். மிதிபட்ட ரோஜாக் கிளையில் அசுவினி அப்பியிருந்தது.

"அண்ணே, இதைத் தின்னலாமா?" என்று கேட்டாள்.

"அதையா? தாராளமா."

அவள் தின்னத் தொடங்கினாள். கிளை கிளையாகப் போனாள், இலைக்கு அடியில் நுழைந்தாள், ஒரு மொட்டுகூட விடாமல் கொத்தினாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள், பல வாரங்களாக அவன் அழிக்க முடியாத பூச்சியெல்லாம் போய்விட்டது. அவள் வயிறு கொஞ்சம் நிரம்பியிருந்தது. அவ்வளவு நாளாய் அவள் வெளியே பசித்திருந்தது ஊசியப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"முன்னாடியே உன்னைக் கூப்பிட்டிருக்கணும். பூவைக் காட்டணும்னே இருந்துட்டேன்" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

மஞ்சாயி அலகைக் கல்லில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ஊர் மலையில மலைமுழுக்கப் பூதான் அண்ணே. பூ பார்க்கவா நான் இங்க வந்தேன்? நீங்க தெனமும் சாயங்காலம் சொல்லுவீங்களே, இங்க தூங்கி விழுந்தேன், அங்க தோண்டித் தின்னேன்னு. அந்த எடமெல்லாம் எதுன்னு பார்க்கத்தான் ஆசைப்பட்டேன்."

அவன் தூங்கி விழுந்த இடங்களைக் காட்டினான். தப்பித்த முதல் லில்லி நின்ற இடத்தையும் காட்டினான். அவள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு, இனித் தாங்காது, கிளம்ப வேண்டும் என்றாள். மதிலுக்கு மேலே எழும்பி, தோட்டத்தை ஒரு முறை வட்டமிட்டாள். வடக்கே போனாள். புள்ளியாகும்வரை ஊசியப்பன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் அந்த மதிலைத் திரும்ப எழுப்பவில்லை. உண்ணி முள்ளையும் வாசலிலிருந்து இழுத்துப் போட்டான். முயல் வந்தது, கேளையாடு வந்தது. கேளையாட்டுக் குட்டிகள் சில செடிகளைக் கடித்துப் பார்த்தன. மொக்கையன் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியிலேயே நின்று தலையை நீட்டிப் பார்த்தான். மண்ணுக்குள் மிஞ்சிய கிழங்குகள் வைகாசியில் கோணல் மாணலாக எழுந்து பூத்தன. மொக்கையன் போட்டுவிட்டுப் போன சாணத்தின் உபயத்தில் ஒவ்வொரு பூவும் பெரிதாக இருந்தது. இப்படி ஒரு பூ தன் கைக்கு வந்ததே இல்லை என்று ஊசியப்பன் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

மறுபடி புரட்டாசி வந்தது. குளத்தங்கரையில் வாலாட்டிகள் வந்து இறங்கின. ஊசியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மஞ்சாயி இல்லை. அவளைக் கண்டீர்களா என்று கேட்டான். நாங்கள் கிளம்பும்போது அவள் இங்கேதான் இருந்தாள், அங்கே வந்து சேரவில்லை என்றன.

தன் மடத்தனம் எதைச் சொல்லியும் சிரிக்கத் தெரிந்த ஊசியப்பன், இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் தண்ணீர் குடிக்க வந்தால் சும்மா குடித்துவிட்டுப் போய்விடுவான்.

எல்லாம் செம்மையாகட்டும், பிறகு அழைக்கலாம் என்று அன்பானவர்களை வாசலில் நிறுத்தி வைக்காதே. இருப்பதை இருக்கிறபடியே இன்றைக்கே காட்டிவிடு.